பாதிப் பேருக்குக் கஷாயம்

"உங்க கஷாயத்தால இருமல் போகுதுன்னா அதுக்கு ஆதாரம் வேணும், அத்தை. சோதனையில தோத்துட்டா, இனி என் பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடாது."

"சோதிச்சுப் பாரேன், யாரு வேணாங்கறா?" என்றார் மாமியார்.

டாக்டர் மருமகள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். இருமிக்கொண்டு வந்து, சோதனைக்குச் சம்மதித்தவர்களில் பாதிப் பேருக்கு அதிமதுரக் கஷாயம். மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் சர்க்கரைத் தண்ணீர். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. பின்னால் பக்குவம் சரியில்லை என்று குறை சொல்லக் கூடாதே என, இரண்டையும் மாமியாரையே காய்ச்சித் தரச் சொன்னாள்.

முடிவு வந்த அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் குணமாச்சு! உங்க கஷாயமும் சர்க்கரைத் தண்ணியும் ஒண்ணுதான், அத்தை. மருத்துவ இதழுக்குக் கட்டுரையே அனுப்பியாச்சு."

மாமியார் அசரவில்லை. பேரனின் டம்ளரை ஆற்றியபடியே சொன்னார்:

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருமுற மனுஷங்களுக்கு வெறும் சர்க்கரைத் தண்ணி காய்ச்ச எனக்கு மனசு வருமா, கண்ணு? ரெண்டு பாத்திரத்துலயும் கஷாயம்தான். எல்லாரும் ஒரே மாதிரி குணமாயிட்டாங்கன்னு இப்ப நீயே சொல்லிட்ட. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"