மரியாதைக்கு ஆறு எழுத்து

“மரியாதை, எழுத்துக்கு ஓரணாக்கா. கம்மி பண்ண முடியாது.”

பாகூர்ச் சந்தையோரம் மனு எழுதிப் பிழைக்கும் காத்தவராயன் பேனாவை மையில் தோய்த்துவிட்டு நிமிர்ந்தான். எதிரே தையலம்மாள். மேல்நிலத்துக்காரன் வாய்க்காலை அடைத்து இருபது நாள். அவளுடைய ஒன்றரைக் காணி நெல் பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

“மரியாதைக்கு இன்னாபா வெல? மனுவுக்குத்தான் எட்டணா குடுத்துட்டேனே!”

“அது மனுவுக்கு. ஆபீசர் பேருக்குப் பின்னால போடற எழுத்துக்குத் தனி. பி.ஏ. மட்டும்னா ரெண்டணா. பி.ஏ., பி.எல்., எல்.டி.ன்னு மொத்தமா போட்டா ஆறணா.”

“நடுவுல வெக்கிறியே புள்ளி, அதுக்கு?”

“அது இனாம்.”

“நல்ல தர்மம்பா! பிரெஞ்சுக்காரன் போயி ரெண்டு வருசம் ஆவல, ஊரே எழுத்தா பூடுச்சு. மொதல்ல பீடியோவ போய்ப் பாருன்னாங்க. அது அந்தாளு பேருன்னு நெனச்சி, பீடியோ ஐயா வூடு எதுன்னு தெருத்தெருவா கேட்டுக்கினு போனேன்.”

“இப்ப பேருக்கு எவன்கா பயப்படறான்? எழுத்துக்குத்தான். வேற ஆளுங்ககிட்ட மூணு மனு எழுதிக் குடுத்தியே, எழுத்து போட்டாங்களா?”

“வெறும் குழந்தைவேல் அவர்கள்னுதான் போட்டாங்க.”

“அதான் ஆபீசர் தூக்கி எறிஞ்சாரு.”

தையலம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறணாவை எண்ணி வைத்தாள். “பயிருக்குத் தண்ணி இல்ல. இந்தாளுக்கு எழுத்தா ஊத்த வேண்டிக் கீது!”

மத்தியானமே திரும்பி வந்தாள். கையில் வாய்க்காலைத் திறந்துவிடச் சொல்லும் உத்தரவு.

“இன்னா மாயம்பா! எப்பவும் மனுவ ஓரக்கண்ணால பாத்துட்டு வீசறவரு, இன்னிக்கி அந்த எழுத்தப் பாத்ததும் எழுந்தே நின்னுட்டாரு. நெத்தியெல்லாம் வேர்வ. ‘உக்காரும்மா’ன்னு எனக்கு நாற்காலி வேற. காத்தவராயன் சௌக்கியமான்னு உன்னயும் விசாரிச்சாரு. புகழ்ச்சின்னா அவ்ளோ ஆசையா அந்தாளுக்கு?”

“பெரிய மனுசங்க இல்லக்கா? அப்டித்தான்.”

அவள் வயலைப் பார்க்க ஓடினாள். காத்தவராயன் பெட்டியின் அடியிலிருந்து நோட்டை எடுத்து, பழைய பக்கம் ஒன்றைப் புரட்டினான்.

‘குழந்தைவேல். அஞ்சாம் வகுப்பு தேறாத பிரெஞ்சு சர்ட்டிபிகேட்டை, வேலைக்காக இங்கிலீஷில் பி.ஏ., பி.எல்., எல்.டி. என்று மாற்றிக் கொடுத்தது: எழுத்து ஆறு. கூலி ஆறணா. வரவில்லை.’

அதன் கீழே அன்றைய கணக்கைச் சேர்த்தான்:

‘மேற்படி எழுத்துக்காக ஊராரிடம் இதுவரை வரவு: மனு முப்பத்தேழு, பதின்மூன்று ரூபாய் பதினான்கு அணா. குழந்தைவேல் பாக்கி: ஆறணா.’