தங்கவயலில் தொலைந்த கம்மல்

“தொப்பிய மாட்டிவுட்டதும் அவதான், கழட்டுனதும் அவதான். அதுக்கப்புறம்தான் கம்மலக் காணோம்!”

பக்தவச்சலத்தின் குரல் தங்கவயல் சுரங்கக் காட்சிக்கூடம் முழுவதும் எதிரொலித்தது. பெருங்களத்தூரிலிருந்து மனைவியோடு சுற்றிப்பார்க்க வந்தவர் அவர். மனைவி கிளியம்மாள், வெறுமையான இடக்காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். சுரங்கத் தொழிலாளியின் தொப்பியை அணிந்து படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டவள் அவள்தான்.

“விழுந்திருக்கும் சார், தேடலாம்,” என்றாள் வழிகாட்டி செல்வமேரி.

“வுழுந்தா சத்தம் கேக்காதா? அரைப் பவுனு! மொதல்ல இவ பையத் தொறக்கச் சொல்லுங்க.”

கண்காணிப்பாளர் பிரிட்டோ தயங்கினார். “சார், இவங்க அப்பா இதே சுரங்கத்துல முப்பது வருஷம்...”

“அப்போ தங்கத்தப் பாத்துப் பழகுன குடும்பம்!”

செல்வமேரிக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய நிழற்படம். வேலை முடிந்து மேலே வந்த தொழிலாளர்கள், சோதனைக்காகக் கைகளைத் தூக்கி வரிசையில் நிற்கிறார்கள். மூன்றாவதாக நிற்பவர் தன் தந்தை என்று சற்று முன்புதான் அவள் காட்டியிருந்தாள்.

அந்தப் படத்தின் கீழேயே பையைக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, ஜெபமாலை, பஸ் பாஸ்.

“எங்க ஒளிச்சிக்கீறாளோ!”

புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பக்தவச்சலம் காரில் ஏறினார்.

நான்காம் நாள் வீட்டுக்குக் கூரியர் வந்தது. பிரித்தவர் துள்ளினார்.

“பாத்தியா கிளி! போலீசுக்குப் பயந்து அனுப்பிட்டா. எங்கண்ணு தப்புமா?”

ஆனால் உள்ளே இருந்தது ஒன்றல்ல, ஒரு ஜோடி. கிளியம்மாளுடையது வெள்ளைக்கல், இவை சிவப்பு. கூடவே ஒரு கடிதம்.

‘ஐயா, அன்று மாலை முழுவதும் கூடத்தைப் பெருக்கித் தேடினேன், கிடைக்கவில்லை. புகார் தீரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்கிறார்கள். இவை என் கல்யாணக் கம்மல்கள். இரண்டும் சேர்ந்தால் உங்களுடைய ஒன்றின் எடை வரும். ஏற்றுக்கொண்டு புகாரை விலக்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் காது வெறுமையாக இருக்க வேண்டாம். செல்வமேரி.’

“நடிப்பப் பாரு! திருடாதவ எதுக்கு அனுப்பணும்? இந்தா, போட்டுக்கோ.”

கிளியம்மாள் கையை நீட்டவில்லை.

ஊர் திரும்பிய அன்றே புடவை மடிப்பிலிருந்து விழுந்த தன் கம்மலை, ‘வெளியில் சொன்னால் நம் மரியாதை என்னாவது’ என்று அவள்தான் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள்.