இரண்டு முறை ஹாரன்

எங்களைக் கேட்காமல் திருமணம் செய்துகொண்ட மகள் வடிவுக்கரசியின் குரல் இந்த வீட்டில் ஒலிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அவளும் அதை மீறவில்லை. தினமும் வேலை முடிந்து போகும்போது வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடிப்பாள். அவள் அம்மா வெளியே போவாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் நான் செய்தித்தாளை உதறி மடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். குடும்ப மானத்துக்காக அவ்வளவாவது செய்ய வேண்டும்.

சில மாதங்களாக ஹாரன் இல்லை. ஓய்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். என் மனைவி கோமதி வாசலுக்குப் போவது பூ வாங்க என்றிருந்தேன். அவளிடம் கேட்கவும் இல்லை.

இன்று தெருவே அதிர ஒரு பேருந்து ஹாரன். எதிர்வீட்டுக்காரர் பதறி வெளியே வந்தாராம்.

"எவன் அது, நம்ம வாசல்ல?" என்றேன்.

கோமதி என் காதருகே குனிந்தாள். "உங்க மகதான். வண்டிக்குப் புதுசா மாட்டியிருக்கா. பழசும் தினம் அடிச்சுக்கிட்டுதான் இருந்தா. நீங்க எந்திரிக்கவே இல்ல. அப்பாவுக்குக் கோபம் தீந்துருச்சாம்மான்னு மொதல்ல சிரிச்சா. காதுன்னு அப்புறந்தான் புரிஞ்சுது."

மறுபடியும் இரண்டு முறை அடித்தாள். செய்தித்தாளை உதறி மடித்தேன், வாசல்வரை கேட்கும்படி. உள்ளே போகத்தான் எழுந்தேன். உள்ளறைக் கதவு இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை.