எந்த வயதுச் சுண்டல்

எங்கள் பூனை சுண்டல் செத்துப்போன மறு வாரம், அதே மஞ்சள் கோடுகளோடு ஓர் இயந்திரப் பூனை வந்து இறங்கியது. சுண்டலின் கழுத்துப்பட்டை அதன் பழக்கங்களையெல்லாம் ஆயுசு முழுக்கப் பதிந்து வைத்திருந்தது. எந்த வயதுச் சுண்டலாக நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் அதைச் செய்துகொடுத்த நிறுவனத்தில் கேட்டார்கள். தள்ளாத சுண்டலை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. நான்கு வயது என்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. ஃபிரிட்ஜ் மேல் தாவியது, மடித்து வைத்த புடவையில் படுத்தது. சாயங்காலம் ஆனதும் வாசற்கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைத் தூக்கியது.

சுண்டலுக்கு நான்கு வயதானபோது என் கணவர் உயிரோடு இருந்தார். ஆபீஸிலிருந்து வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைத் தூக்கிக்கொள்வார்.

என்னால் பார்க்க முடியவில்லை. நிறுவனத்துக்குப் போன் செய்தேன்.

"வேற வயசுக்கு மாத்திடலாம்மா," என்றாள் அங்கிருந்து பேசிய பெண். "கதவுகிட்ட போறத அது எப்ப விட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

யோசித்தேன். அவர் போன பிறகும் சுண்டல் அங்கேதான் போய்ப் படுக்கும். கதவிடுக்கில் வருகிற காற்றுக்காக என்று நினைத்து, ஒரு பழைய துண்டை விரித்து வைத்தேன். நடக்க முடியாத கடைசி வருடத்திலும் சாயங்காலமானால் கத்தும். நான்தான் தூக்கிப் போய் அந்தத் துண்டில் விடுவேன். இத்தனை வருடமும் காற்றுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

"விடவே இல்லம்மா. இப்படியே இருக்கட்டும்."

அந்தத் துண்டைத் தேடி எடுத்துக் கதவருகே விரித்து, சுண்டலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காமல் மேலே போனது.