பாதிப் படி

"வாடகை அங்கதான் ஜாஸ்தி சார். நான் இல்லைன்னு சொல்லல. அதனாலதான் பாதி கேக்கறோம்."

தலைமை அலுவலகத்திலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பார்சல் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மதிய ரயிலைப் பிடிப்பதாக இருந்தார். அதற்குள் எடை போடும் பிரிவுக்காரி எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். கிடங்கில் எல்லோருக்கும் அவள் 'தராசு அக்கா'.

தலைநகரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மாதாமாதம் நகரப் படி உண்டு. இந்த ஊர்க் கிடங்குக்குக் கிடையாது. சின்ன ஊர், செலவு கம்மி என்பது கம்பெனியின் கட்சி.

"இங்க செலவு கம்மிதானேம்மா? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். போன மாசம் லீவு போட்டுட்டு அங்க என் தங்கச்சி வீட்ல நாலு நாள் தங்கினேன். ரெண்டு பேரும் சேர்ந்தேதான் கடைக்குப் போனோம். சிலிண்டர் அதே விலை. போன் ரீசார்ஜ் அதே விலை. பிரஷர் மாத்திரையும் அதே விலை. சோப்பு அங்க மலிவு."

"மலிவா?"

"அங்க கடைக்காரங்க போட்டி போட்டு விக்கறாங்க. இங்க இருக்கறது ஒரே பெரிய கடை, அவர் வெச்சதுதான் விலை. தங்கச்சி பஸ் பாஸ்லயே வேலைக்குப் போய்ட்டு வந்துடறா. நம்ம கிடங்குப் பக்கம் பஸ் ஏது? வண்டிக்காரன் கேக்கறதை அழுதாத்தான் வீடு."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இந்த மாதிரி ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஊருக்காகப் பேசுவதுபோல் பேசுவார்கள். தன் பங்கு கைக்கு வந்துவிட்டால் பேச்சே இருக்காது. குரலைத் தாழ்த்தினார்.

"சரி, சீனியர்ங்கறதால உங்களுக்கு மட்டும் ஏதாவது போட்டுத் தரேன். வெளியில சொல்லிக்க வேண்டாம்."

"எனக்கு மட்டும்னா பிரயோஜனம் இல்ல சார். நாப்பத்தோரு பேருக்கும் போடுங்க. பாதிப் படி வரைக்கும் நீங்களே கையெழுத்துப் போடலாம்னு விதி இருக்கு. படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"மாட்டேன்னா?"

"இங்கயே உட்கார்ந்திருப்பேன். கட்டுப்படியாகலன்னு இந்த வருஷம் ஆறு பேர் வேலையை விட்டுட்டாங்க. புது ஆளுங்க கைல பார்சல் ஊர் மாறிப் போய் நஷ்டஈடு கட்டினீங்களே, அதை விடவா இது அதிகம்?"

அவள் குரல் உயரவேயில்லை. நாற்காலியை மட்டும் மேஜைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆறு பேர் ஏன் போனார்கள் என்று விசாரிக்கத்தான் அவரையே அனுப்பியிருந்தார்கள். ரயில் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, அவள் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் உத்தரவில் கையெழுத்தும் போட்டார்.

"பிடிச்ச பிடியில காரியத்தைச் சாதிச்சுட்டீங்க" என்றார், பேனாவை மூடியபடி. "அடுத்த மாசத்துலேர்ந்து உங்க சம்பளம் ஏறிடும். திருப்திதானே?"

"அடுத்த மாசம் எனக்கு ஏது சார் சம்பளம்?" உத்தரவை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு அவள் எழுந்தாள். "இன்னியோட நான் ரிட்டயர் ஆகறேன். நாளைக்கு வந்தா வாட்ச்மேன் உள்ள விடமாட்டார், அதான் இன்னிக்கே முடிச்சுடலாம்னு உட்கார்ந்துட்டேன்."