ஆறாவது கட்டம்

“கர்த்தரோட கட்டளையில ஒரு புள்ளியைக்கூட நான் மீறினவன் இல்லை தம்பி. அறுபத்தோரு வருஷமா!” என்று முழங்கினார் சபை மூப்பர்.

“சந்தோஷம் ஐயா. முதல்ல அந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால போய் நில்லுங்க” என்றார் ஜன்னலுக்குள் இருந்த சிறைக் காவலர்.

மூப்பர் குனிந்து பார்த்தார். இரண்டு கால்களுமே கோட்டைத் தாண்டி நின்றன. பின்னால் நகர்ந்து, கையை மட்டும் நீட்டி, அடையாள அட்டையையும் ஒரு படிவத்தையும் ஜன்னல் வழியாகத் தள்ளினார்.

படிவத்தில் ஆறு கட்டங்கள். பசித்தவனுக்கு உணவு, தாகமாயிருப்பவனுக்குத் தண்ணீர் என்று ஆறு அன்பின் கடமைகள். ஆறுக்கும் அத்தாட்சி வைத்திருப்பவர்தான் சபைச் செயலாளர் தேர்தலில் நிற்கலாம். விதியை எழுதியவர் மூப்பரேதான். பக்கத்து வீட்டு நோயாளியை மூன்று மாதம் தூக்கிக் குளிப்பாட்டிய பள்ளி ஆசிரியரை, மருத்துவமனை முத்திரை இல்லை என்று போன வாரம்தான் போட்டியிலிருந்து கழற்றிவிட்டிருந்தார்.

மூப்பருடைய ஐந்து கட்டங்கள் கச்சிதம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்ததற்கு, குடித்த தபால்காரரின் கையெழுத்து. அந்நியனை வீட்டில் சேர்த்துக்கொண்டதற்கு, மின்சார மீட்டர் பார்க்க வந்தவரின் கையெழுத்து, வந்த நேரம் போன நேரத்தோடு. ஆறாவது, சிறையில் இருப்பவனைப் பார்ப்பது. இன்று மாலை ஐந்து மணிக்குள் படிவம் சபை அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

“யாரைப் பார்க்கணும்?”

“யாரா இருந்தாலும் சரி.”

“அப்படின்னா?”

“ஏதாவது ஒரு கைதி. கொஞ்சம் சாதுவா இருந்தா நல்லது. கொலை கிலையெல்லாம் வேண்டாம். தூரத்துல நிக்க வெச்சுக் காட்டினாலும் போதும். படிவத்துல ‘பார்த்தல்’னுதான் இருக்கு, ‘பேசுதல்’னு இல்லை.”

காவலர் பேனாவை மூடி வைத்தார். “ஐயா, இது மிருகக்காட்சி சாலை இல்லை.”

பின்னால் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூப்பர் திரும்பினார். மடியில் துணிப்பையோடு ஒரு பெண்.

“நீ நம்ம சபைத் தையல்காரிதானே? உன் படிவம் இன்னும் வரவே இல்லையே?”

“அந்தக் காகிதத்துல யாருக்கோ பட்டன் மடிச்சுக் கொடுத்துட்டேன் போலிருக்கு ஐயா.”

மூப்பர் கண்களை மூடி, அவளை மன்னித்துவிட்டுத் திறந்தார். “இங்கே உனக்கு என்ன வேலை?”

“என் தையல் மெஷினைத் தூக்கிட்டுப் போனான்ல, அவனைப் பார்க்கத்தான்.”

“அவனையா? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்கணும்.”

“கோர்ட்டுலயே கேட்கலாம்னுதான் போனேன். ஆளைப் பார்த்தா, சட்டையில ரெண்டு பட்டன் இல்லை. பக்கத்துல ஒரு ஆளும் இல்லை. அப்புறம் எங்கே திட்ட வருது? வாரா வாரம் வந்துட்டிருக்கேன். மூணு வருஷமாச்சு.”

“யார் சொல்லி வர்றே?”

“யாரும் சொல்லலையே. நாம கெட்டுக் கிடந்தப்ப இயேசப்பா தேடி வந்தார்ல? அதை நினைச்சா வீட்டுல உட்கார முடியலை ஐயா, அவ்வளவுதான்.”

“அதெல்லாம் இருக்கட்டும். அத்தாட்சி வாங்கினியா?”

“எதுக்கு? நான் வந்தது அவனுக்குத் தெரியுமே.”

“அப்போ ரெக்கார்டுப்படி நீ ஒருநாள்கூட வரலை.”

“ரெக்கார்டுல எங்கே வந்தேன்? பஸ்லதானே வர்றேன்.”

காவலர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். சுவரில் மணி நாலே கால். மூப்பர் ஜன்னலை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, முத்திரையை மட்டும் குத்திக் கொடுத்துடுங்களேன். எதுக்கு ஒரு கைதியைத் தொந்தரவு பண்ணணும்?”

“முடியாது ஐயா. யார் யார் தன்னைப் பார்க்க வரலாம்னு ஒவ்வொரு கைதியும் பேர், முகவரி எழுதிக் கொடுத்திருப்பான். அந்தப் பட்டியல்ல இருந்தாத்தான் உள்ளே. உள்ளே போனாத்தான் முத்திரை. இந்த அம்மாவே அப்படித்தான் போறாங்க. சட்டம் பாருங்க.”

மூப்பர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “ஓ… அப்படியா? அப்போ நான் கிளம்பறேன். அட்டையைக் கொடுங்க.”

“இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டிப் பார்த்துடறேன்.”

“வேண்டாம் தம்பி. நாங்க கௌரவமான குடும்பம். எங்க பேரெல்லாம் இங்கே எப்படி இருக்கும்?”

“பார்க்கிறதுல என்னய்யா? இல்லேன்னா ஆறாவது கட்டம் போச்சே, செயலாளர் பதவியும் போச்சே!”

“பாருங்க தம்பி, பாவம் பெரியவர்” என்றாள் தையல்காரி.

“நீ சும்மா இரும்மா! யோவ், அட்டையைக் கொடுய்யா!”

அதற்குள் காவலர் தட்டிவிட்டார். அவர் முகம் மலர்ந்தது.

“ஐயா, உங்களுக்கு யோகம்தான்! பேர், முகவரி எல்லாம் அப்படியே இருக்கு. இந்த அம்மா பார்க்க வர்றாங்களே, அதே ஆளோட பட்டியல். இவங்க ரெண்டாவது. முதல் பேரே நீங்கதான், மூணு வருஷமா!”

நம்பமாட்டார் என்று நினைத்தோ என்னவோ, காவலர் திரையை அவர் பக்கம் திருப்பினார். தையல்காரியும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

மூப்பர் பேருக்கு நேரே, உறவு என்ற இடத்தில், ‘கூடப்பிறந்த அண்ணன்’ என்று இருந்தது.