மீசை சார்

“மீசை சார் இருக்காரா?”

கதவைத் திறந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மீசை போய் இருபது வருஷமாச்சு. சார் மட்டும்தான் மிச்சம். உள்ள வாம்மா.”

அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் மீசை சார்தான். சாதாரண மீசையா அது? இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி, நடுவில் வாயை மூடிக்கொண்டு தொங்கும். ஒருநாள் அதைச் சுத்தமாக மழித்துக்கொண்டு வந்து நின்றார். “வீட்டுக்காரிகிட்ட பந்தயத்துல தோத்துட்டேன்” என்றார். மீசை போனதே தவிர, பெயர் போகவில்லை.

புரூஃப் அறையில் பதினோரு வருடம் அவருக்கு எதிரே உட்கார்ந்தவள்தான் இப்போது அவரைத் தேடி வந்திருக்கிறாள். கையெழுத்துப் பிரதியை அவர் கமா, முற்றுப்புள்ளியோடு வாய்விட்டுப் படிப்பார். அவள் கேட்டுக்கொண்டே அச்சான தாளில் சரிபார்ப்பாள். மற்றவர்களுக்கு எக்ஸ்பிரஸ் வேகத்தில் படிக்கிற மனிதர், அவளிடம் மட்டும் போகப்போக வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்த ஆரம்பித்தார். “மூச்சு வாங்குதும்மா” என்பார். பாவம் என்று நினைத்துக்கொள்வாள். உள்ளூர அந்த மூச்சிரைப்புக்கு நன்றியும் சொல்லிக்கொள்வாள்.

“அட, யாரு இது! வாங்க, வாங்க!”

மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். எழுபத்து நாலு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குரல் மட்டும் அவள் நினைத்து வைத்திருந்ததைவிடக் கரகரப்பாக இருந்தது.

“நம்ம ரூம் ஞாபகம் இருக்கா?” என்று உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார். “ஜன்னலைப் பார்த்து என்னை உக்கார வச்சுட்டு, நீங்க முதுகு காட்டி உக்காந்துப்பீங்க. வெயில் நேரா என் மூஞ்சியிலதான்.”

“என் கண்ணு கூசும்னு சொன்னேன்.”

“என் கண்ணு மட்டும் என்ன, கருங்கல்லா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஆடுகிற மேஜை, அதன் காலுக்கு அண்டக் கொடுத்த பழைய அகராதி, மழை வந்தால் தாள்களை மடியில் அள்ளிக்கொண்டு ஓடியது... பேசப் பேச அவளுக்கு நெஞ்சு கனத்தது. இத்தனை நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தானே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்?

“சார், அந்த இசைப் பாடப் புத்தகம்...”

“அதை இன்னுமா விடல நீங்க?” என்று கையை வீசினார்.

எப்படி விடுவாள்? இசையைக் கேட்பது எப்படி என்று சொல்லித்தரும் பாடம். அதிலேயே ஒரு வரி முழுதாக விட்டுப்போய், பத்தாயிரம் பிரதி அச்சாகிவிட்டது. மொத்த அச்சகமும் மூன்று நாள் உட்கார்ந்து திருத்தச் சீட்டு ஒட்டியது. மேனேஜர் குதியோ குதி என்று குதித்தபோது, “படிக்கும்போது நான்தான் வரியைத் தாண்டிட்டேன்” என்று இவர் எழுந்து நின்றார். அடுத்த மாதம் வரவேண்டிய சூப்பர்வைசர் பதவி கைநழுவிப் போனது. வேலை போனால் பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்ற பயத்தில், அவள் வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் பசை வாசனை பட்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“நீங்க தாண்டல சார். ஒழுங்காத்தான் படிச்சீங்க. நான்தான்...”

காதோரத்து முடியை விலக்கிக் காட்டினாள். உள்ளே பட்டாணி அளவில் ஒரு மெஷின்.

“இதைப் போன மாசம்தான் மாட்டினேன். ஆனா அப்பவே எனக்குக் காது முக்கால்வாசி போயிடுச்சு சார். நீங்க படிக்கிறதை உங்க வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுப்பேன். வெளியில தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு மறைச்சேன். உங்களையும் ஏமாத்திட்டேன். நீங்க மன்னிக்கலன்னாலும் பரவாயில்ல. சொல்லாமப் போய்ச் சேரக்கூடாதுன்னுதான் வந்தேன்.”

அவர் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீயோடு வந்த அம்மாள் பதறிப்போனாள். “என்னம்மா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா. பழசெல்லாம் பேசிக்கிட்டிருந்தோம்.”

“பழசுன்னதும்தான் ஞாபகம் வருது. நீயாவது சொல்லு. கல்யாணமான நாள்லேருந்து கெஞ்சினேன், டீயில பாதியை மீசைதான் குடிக்குது, எடுங்கன்னு. அசைஞ்சு கொடுத்தாரா? ஏதோ புத்தகத்துல சீட்டு ஒட்டுறோம்னு மூணு நாள் விரலெல்லாம் பசையோட வந்தாரு. நாலாம் நாள் காலையில பார்த்தா, மழிச்சுட்டு நிக்கிறாரு! கேட்டா, ஆபீஸ்ல பந்தயத்துல தோத்துட்டேன்னாரு. யாரும்மா இவரை ஜெயிச்சது?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சகத்தில், வீட்டுக்காரியிடம் தோற்றதாக அல்லவா சொன்னார்?

அம்மாள் தம்ளர்களை எடுத்து வைக்கத் திரும்பினாள். அவர் நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சத்தமே வராமல், உதட்டை மட்டும் நிதானமாக அசைத்து, பழையபடி வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திச் சொன்னார்:

“அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா. என் உதடு உங்களுக்குத் தெரியணும்னுதான் எடுத்தேன்.”